கூரைவழிப் புகைபோக்கி

கூரைவழிப் புகைபோக்கி என்பது அடுப்பு, கணப்பு, நீர்சூடாக்கி ஆகியவற்றில் எரிபொருள் எரிவதால் உண்டாகும் புகையையும் கழிவு வளிகளையும், கூரையைத் துளைத்து மேலெழும் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே அனுப்பும் அமைப்பு. விறகடுப்புக்குச் செங்கல் கூண்டாகவும், புகையில்லா அடுப்புக்குச் சிமெண்ட் குழாயாகவும், எரிவாயுக் கருவிகளுக்கு இரட்டைச் சுவர் கொண்ட உலோகக் குழாயாகவும் இது அமைகிறது. வடிவம் வேறுபட்டாலும் மூன்றும் இயங்கும் விதம் ஒன்றே. சூடான காற்று மேலே ஏறுகிறது. அது ஏறிக்கொண்டே இருக்க வேண்டுமானால் கீழே புதிய காற்று நுழைந்துகொண்டே இருக்க வேண்டும்.

தூத்துக்குடி மாவட்டத்தின் எட்டயபுரம் வட்டாரத்தில் குளிர்காய்வதற்கான கணப்பு எந்த வீட்டுக்கும் தேவைப்படுவதில்லை. ஆனால் விறகடுப்பிலிருந்து எரிவாயுவுக்கு மாறியுள்ள வீடுகளும், குளியலறையில் எரிவாயு நீர்சூடாக்கி பொருத்தும் வீடுகளும், பாகு காய்ச்சும் பட்டறைகளும் அங்கு உள்ளன. எரிவாயுக் கணப்புக்குக் கூரைவழிக் குழாய் ஏன் தேவையோ, அதே காரணத்தால் இவற்றுக்கும் கழிவு வளி வெளியேறும் வழி தேவை.

பெயர்கள்

புகைபோக்கி, புகைக்கூண்டு, புகைக்குழாய் ஆகிய சொற்கள் ஏறத்தாழ ஒரே பொருளில் வழங்குகின்றன. செங்கல்லால் கட்டியதைக் கூண்டு என்றும், குழாயாக இருப்பதைப் புகைக்குழாய் என்றும் கூறுவது வழக்கம். ‘சிம்னி’ என்ற சொல் இன்று பெரும்பாலும் எரிவாயு அடுப்புக்கு மேலே பொருத்தும் மின்விசிறிக் கூண்டைக் குறிக்கிறது. அது மின்சாரத்தால் இயங்குவது. புகைபோக்கியோ வெப்பத்தால் தானே இயங்குவது. வெளிக்குழாய் இல்லாத சிம்னி எண்ணெய்ப் பிசுக்கையும் மணத்தையும் ஓரளவு வடிகட்டிவிட்டு, அதே காற்றை அறைக்குள்ளேயே திருப்பி விடும். கழிவு வளியை அது வெளியேற்றுவதில்லை.

இயங்கும் முறை

சூடேறிய காற்று விரிந்து எடை குறைகிறது. குழாய்க்குள் இருக்கும் எடை குறைந்த காற்றுக்கும், வெளியே அதே உயரத்துக்கு நிற்கும் எடை மிகுந்த காற்றுக்கும் உள்ள வேறுபாடுதான் புகையை மேலே தள்ளும் விசை. இதனைக் குழாயின் ‘இழுப்பு’ என்பர். குழாயின் உயரம் கூடினாலோ, உள்ளே வெப்பம் கூடினாலோ இழுப்பு கூடும்.

இந்த விசை மிகச் சிறியது. 3 மீட்டர் உயரமுள்ள குழாயில் 150 பாகை செல்சியசு வெப்பத்தில் கழிவு வளி செல்வதாகவும், வெளியே 40 பாகை இருப்பதாகவும் கொண்டால், இழுப்பு ஏறத்தாழ 9 பாஸ்கல் மட்டுமே. இது ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைவிடக் குறைவு. அதே குழாய் 0 பாகைக் குளிரில் நின்றால் இழுப்பு 13 பாஸ்கலுக்கு மேல் இருக்கும். ஆகவே குளிர்நாட்டில் நன்றாக இழுக்கும் ஒரு குழாய் கரிசல் காட்டுக் கோடையில் மந்தமாகலாம். ஒரு குருவிக்கூடு, தேவையற்ற ஒரு வளைவு, எதிர்த்து வீசும் காற்று, அதே அறையில் ஓடும் வெளியேற்றும் விசிறி என எதுவும் இவ்வளவு சிறிய விசையைத் தோற்கடித்துவிடும்.

சித்திரை, வைகாசிப் பிற்பகலில் தடித்த சுவர் கொண்ட பழைய வீட்டின் உட்புறம் வெளியைவிடக் குளிர்ந்திருக்கும். அப்போது அடுப்பு பற்றவைக்கப்படாத குழாயில் காற்று மேலிருந்து கீழே இறங்கும். அந்நேரம் அடுப்பு மூட்டினால் முதற்புகை அறைக்குள் வருவது இதனால்தான். விறகடுப்பின் குழாய் வாயில் ஒரு காகிதத்தைக் கொளுத்திக் காட்டிக் குழாயைச் சூடாக்கினால் காற்றின் திசை மாறிவிடும்.

எட்டயபுரம் வட்டாரக் கூரைகளும் அடுப்புகளும்

எட்டயபுரம், கோவில்பட்டி, விளாத்திகுளம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசல் நிலத்தில் வீட்டு எரிபொருள் பெரும்பாலும் வயலிலிருந்தும் தரிசிலிருந்தும் வந்தது. பருத்தி எடுத்து முடிந்தபின் பிடுங்கிக் கட்டும் பருத்திமார், சீமைக்கருவேல விறகு, முள், எருவாட்டி ஆகியவை முதன்மையானவை. பருத்திமார் சட்டெனப் பற்றி விரைவில் எரிந்து தீர்வதால் அதனைத் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எனவே சமைப்பவர் அடுப்பின் முகத்திலிருந்து நகர முடியாது. ஈர விறகும் எருவாட்டியும் கூடுதலாகப் புகையும்.

இப்பகுதி வீடுகளில் பனையோலைக் கூரை, நாட்டு ஓடு, சீமை ஓடு, காரைத் தளம், இன்றைய கான்கிரீட் தளம் ஆகிய அனைத்தையும் காணலாம். ஓலையும் நாட்டு ஓடும் வேய்ந்த அடுக்களையில் தனிப் புகைபோக்கி இல்லாவிட்டாலும், இடுக்குகள் வழியே புகை மெல்லக் கசிந்து வெளியேறியது. சுவர் உச்சிக்கும் கூரைக்கும் இடையே விட்ட திறப்பும் இதற்கு உதவியது. உத்திரமும் கைமரமும் கரி படிந்து கறுத்திருப்பது அப்புகை சென்ற வழியின் அடையாளம். கான்கிரீட் தளம் வந்தபோது அந்த இடுக்குகள் மறைந்தன. கூரை ஒழுகாமல் ஆனது. ஆனால் புகைக்கும் வழி அடைபட்டது. அடுப்புக்கு நேர் மேலே தளத்தில் செங்கல் கூண்டு கட்டிய வீடுகளில்தான் புகை முறையாக வெளியேறியது.

புகையில்லா அடுப்பு

அடுப்பையும் கூரைக் குழாயையும் ஒரே அமைப்பாக இணைக்கும் முயற்சி இந்தியாவில் 1940களின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா முன்னின்று நடத்திய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கம் வார்தாவின் மகன்வாடியில் இயங்கியது. அங்கு உருவான ‘மகன் சூலா’ என்ற மண் அடுப்பு தொடக்ககால முன்மாதிரிகளில் ஒன்று. ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு வடிவமைத்த அடுப்பும், 1953இல் வெளிவந்த அவருடைய நூலும் இம்முயற்சியைப் பரவலாக்கின.

தமிழ் அடுக்களையில் ஏற்கெனவே இருந்த கொடியடுப்பின் அமைப்போடு இவை ஒத்துப்போயின. கொடியடுப்பில் முதல் அடுப்பின் அனல் உள்வழியாகச் சென்று இரண்டாம் பானையைச் சூடாக்கும். புகையில்லா அடுப்பில் அந்த உள்வழி மேலும் நீண்டு சுவரோரக் குழாயில் சேர்ந்து, கூரைக்கு மேலே திறக்கிறது.

1983–84இல் இந்திய அரசு தேசிய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2002 வரை நடந்த இத்திட்டத்தில் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் பல நீடிக்கவில்லை. உள்வழியின் அளவு மாற்றிக் கட்டப்பட்டது, குழாயில் கரி அடைத்தது, உடைந்த குழாயை மாற்ற ஆளில்லாமல் போனது ஆகியவை பொதுவான காரணங்கள்.

ஒடிசாவில் குழாயுடன் கூடிய மண் அடுப்புகளைப் பெற்ற குடும்பங்களை ரீமா ஹன்னா, எஸ்தர் டூஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். முதலாண்டில் பெண்கள் உள்ளிழுத்த புகை குறைந்தது. பின்னர் அந்தப் பயன் மறைந்துவிட்டது. குடும்பங்கள் அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை. பழுதுபார்க்கப் பணமும் நேரமும் செலவிடவில்லை. குழாய் அமைப்பதோடு வேலை முடிவதில்லை என்பதற்கு இதுவே தெளிவான சான்று.

எரிவாயு வந்தபின்

தமிழ்நாடு அரசு 2007இல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் வழங்கத் தொடங்கியது. 2016 மே 1 அன்று நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கியது. விறகுப் புகை பெரிதும் குறைந்தது. உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி, வீட்டுக்குள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர். அதனுடன் ஒப்பிட்டால் எரிவாயு பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை.

ஆனால் கண்ணுக்குத் தெரியும் புகை இல்லாததால், வெளியேற்ற வேண்டியது எதுவும் இல்லை என்ற எண்ணம் பரவியது. பழைய புகைக்கூண்டுகள் மழைநீர் ஒழுகுவதாக அடைக்கப்பட்டன. கரப்பானுக்கும் கொசுவுக்கும் அஞ்சிச் சுவர்த் திறப்புகளும் மூடப்பட்டன.

உண்மையில் 1 கிலோ சமையல் எரிவாயு முழுமையாக எரிந்தால் ஏறத்தாழ 3 கிலோ கார்பன் டைஆக்சைடும் 1.6 கிலோ நீராவியும் உண்டாகின்றன. அதற்கு 15 கிலோவுக்கும் மேற்பட்ட காற்று செலவாகிறது. காற்று போதாவிட்டால் எரிதல் முழுமையடையாமல் கார்பன் மோனாக்சைடு உருவாகும். இதற்கு நிறமோ மணமோ இல்லை, கண்ணும் எரியாது. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் இது ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிணைகிறது. சிலிண்டர் கசிந்தால் வரும் வாடை, எரிவாயுவில் கலக்கப்படும் எத்தில் மெர்காப்டானின் வாடை. எரிந்தபின் அந்த வாடையும் இருக்காது. ஆகவே மூக்கை நம்பிக் கார்பன் மோனாக்சைடைக் கண்டறிய முடியாது.

குளியலறை நீர்சூடாக்கியில் இந்த ஆபத்து மிகக் கூர்மையானது. நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரைச் சூடாக்கும் சிறு கருவி ஏறத்தாழ 11 கிலோவாட் ஆற்றலில் எரிகிறது. 10 நிமிடம் எரிய அதற்குச் சுமார் 1.9 கனமீட்டர் காற்று தேவை. 4 அடிக்கு 6 அடி பரப்பும் 8 அடி உயரமும் உள்ள குளியலறையில் இருக்கும் மொத்தக் காற்றே 5.4 கனமீட்டர்தான். கதவும் சாளரமும் மூடியிருந்தால் ஒருவர் குளித்து முடிப்பதற்குள் அந்த அறைக் காற்றில் மூன்றில் ஒரு பங்கின் ஆக்சிசன் தீர்ந்துவிடும். ஆக்சிசன் குறையக் குறையச் சுடர் மேலும் அரைகுறையாக எரிந்து நஞ்சைப் பெருக்கும். உள்ளே தாழிட்டுக் குளிப்பவர் மயங்கி விழுந்தால் வெளியே இருப்போருக்குத் தண்ணீர் ஓடும் ஓசை மட்டுமே கேட்கும்.

எரிவாயுக் கணப்பு உள்ள நாடுகளிலும் ஆபத்து இதுவேதான். ஈழத் தமிழர் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், உட்ஸ்டாக் என்ற ஊரில் 2008 திசம்பரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் கார்பன் மோனாக்சைடால் இறந்தனர். எரிவாயுக் கணப்பின் வெளியேற்றுக் குழாய் அடைபட்டிருந்தது. அவர்கள் வீட்டில் அபாய ஒலிப்பான் இல்லை. இதன் விளைவாக 2013இல் ஹாக்கின்ஸ்–கிக்னாக் சட்டம் நிறைவேறி, எரிபொருள் எரியும் கருவியுள்ள வீடுகளில் கார்பன் மோனாக்சைடு ஒலிப்பான் கட்டாயமாக்கப்பட்டது.

எரிவாயுக் கருவிகளின் வெளியேற்று வகைகள்

குழாயற்றது: கழிவு வளி அறைக்குள்ளேயே கலக்கிறது. சமையல் அடுப்பும் சிறிய நீர்சூடாக்கிகளும் இவ்வகை. அறையின் மேல்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் நிலையான திறப்பு வேண்டும். குளியலறைக்குள் இவ்வகை நீர்சூடாக்கியைப் பொருத்தக் கூடாது. கருவியை வெளிச்சுவரிலோ, தட்டட்டி எனப்படும் மொட்டை மாடியிலோ மழை படாத மறைவில் வைத்துத் தண்ணீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவருவதே பாதுகாப்பானது.

இயல்பிழுப்புக் குழாய்: எரிவதற்கான காற்று அறையிலிருந்து செல்கிறது, கழிவு வளி குழாய்வழி மேலேறுகிறது. குழாய்க்கு இரட்டைச் சுவர் உண்டு. உட்சுவர் பெரும்பாலும் அலுமினியம், வெளிச்சுவர் துத்தநாகம் பூசிய இரும்பு. இடையிலுள்ள காற்று உட்குழாயின் சூட்டைக் காக்கிறது. அறைக்குள் புதிய காற்று வரும் வழி இதற்கு இன்றியமையாதது.

நேரடிக் குழாய்: ஒன்றனுள் ஒன்றாக இரு குழாய்கள் இருக்கும். உட்குழாய் கழிவு வளியை வெளியேற்றும்; வெளிக்குழாய் எரிவதற்கான காற்றைக் கூரைக்கு மேலிருந்தே கொண்டுவரும். கருவியின் முகம் கண்ணாடியால் அடைக்கப்பட்டிருக்கும். அறைக் காற்றோடு தொடர்பு இல்லாததால் எரிவாயுக் கணப்புகளில் இதுவே கூடுதல் பாதுகாப்பானது.

விசிறிக் குழாய்: சிறு விசிறி கழிவு வளியைத் தள்ளும். மின்சாரம் நின்றாலோ விசிறி பழுதானாலோ சுடர் தானே அணையும் அமைப்பு இதில் இருக்க வேண்டும்.

ஒரு வகைக்கான குழாயை இன்னொரு வகைக் கருவிக்குப் பயன்படுத்தக் கூடாது. விறகுக் கணப்பின் பழைய கூண்டில் எரிவாயுக் குழாயைச் செருகுவதானால் தனி உலோக உறை இறக்க வேண்டும். இரு கருவிகளை ஒரே குழாயில் இணைப்பதும், பி.வி.சி. வடிகால் குழாயைப் பயன்படுத்துவதும் ஆபத்தானவை. பி.வி.சி. 80 பாகை வெப்பத்திலேயே இளகத் தொடங்கும்.

கூரையில் நிறுவுதல்

எரிவாயு இணைப்பு வேலையை முகவர் நிறுவனத்தின் பயிற்சி பெற்ற பணியாளரே செய்ய வேண்டும். கூரைத் துளையும் நீர்க்காப்பும் கொத்தனார் வேலை. இருவரும் கருவியோடு வரும் கையேட்டின் அளவுகளைப் பின்பற்ற வேண்டும். கீழே உள்ள அளவுகள் பொது வழக்கைக் காட்டுபவை. கையேடு வேறு அளவு கூறினால் அதுவே செல்லும்.

இடம் தேர்தல்: கருவியிலிருந்து கூரை வரை குழாய் கூடியவரை செங்குத்தாகச் செல்லும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவிர்க்க முடியாத வளைவு 45 பாகைக்கு மேற்படாமல் இருப்பது நல்லது. கிடையாகச் செல்லும் பகுதி குறுகியதாகவும் கருவியிலிருந்து மேல்நோக்கிச் சாய்ந்தும் இருக்க வேண்டும்.

துளையிடுதல்: கான்கிரீட் தளத்தில் உத்திரம் செல்லும் இடத்தை விலக்கி, கம்பிகள் உள்ள இடத்தைக் கண்டறிந்த பிறகே துளைக்க வேண்டும். புதிய வீடாயின் தளம் வார்க்கும்போதே ஒரு குழாய் உறையை வைத்துவிட்டால் பின்னர் உடைக்க வேண்டியதில்லை. மரச்சட்டம், உத்திரம், அட்டைக்கூரை போன்ற எரியும் பொருள்களிலிருந்து இரட்டைச் சுவர்க் குழாய்க்குக் குறைந்தது 1 அங்குல இடைவெளி வேண்டும். ஒற்றைச் சுவர்க் குழாய்க்கு இது பல மடங்கு கூடும். அந்த இடைவெளியில் பஞ்சோ சாக்கோ அடைக்கக் கூடாது. கூரையடியில் தகரத்தாலான தீத்தடுப்புத் தட்டு பொருத்த வேண்டும்.

பனையோலை, தென்னங்கீற்றுக் கூரைகளின் ஊடாகச் சூடான குழாயைக் கொண்டுசெல்லக் கூடாது. பக்கச் சுவரைத் துளைத்துக் குழாயை வெளியே எடுத்து, கூரையின் இறவாணத்திலிருந்து நன்கு விலக்கி நிறுத்த வேண்டும். கல்நார் சிமெண்ட் தகடுகளை உலர்ந்த நிலையில் அறுப்பதும் துளைப்பதும் தீங்கு தரும் தூசை எழுப்பும்.

குழாய் இணைப்பு: எரிவாயுக் குழாய்களில் அம்புக்குறி மேல்நோக்கி இருக்குமாறு பொருத்த வேண்டும். விறகடுப்பின் ஒற்றைக் குழாயில், மேல்துண்டின் வாய் கீழ்த்துண்டின் உள்ளே இறங்க வேண்டும். அப்போதுதான் வழியும் கரிநீர் வெளியே சொட்டாது. மாடியில் நீண்டு நிற்கும் குழாயைக் கம்பியால் மூன்று பக்கமும் இழுத்துக் கட்ட வேண்டும்.

நீர்க்காப்பு: தளத்தில் துளையைச் சுற்றி அரையடி உயரத்துக்குச் சிறு கட்டை கட்டி, அதன்மேல் தகரச் சட்டையை மூட வேண்டும். சட்டையின் மேல்வாய்க்குச் சற்று மேலே குழாயைச் சுற்றி ஒரு குடைவளையம் பொருத்தி, வெப்பம் தாங்கும் பசையால் அடைக்க வேண்டும். ஓட்டுக்கூரையில் சட்டையின் மேல்விளிம்பு மேல்வரிசை ஓட்டுக்கு அடியிலும், கீழ்விளிம்பு கீழ்வரிசை ஓட்டுக்கு மேலும் அமைய வேண்டும். இதை மாற்றிவைத்தால் ஐப்பசி மழையில் தண்ணீர் நேராக அடுக்களைக்குள் இறங்கும்.

உயரம்: விறகுப் புகைபோக்கி கூரையிலிருந்து குறைந்தது 3 அடி எழ வேண்டும். சுற்றி 10 அடிக்குள் உள்ள கூரைமுகடு, கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைவிட 2 அடி உயர்ந்திருக்கவும் வேண்டும். எரிவாயுக் குழாய்க்கு, மட்டமான கூரையில் உயர்ந்த சுவர் எதுவும் 8 அடிக்குள் இல்லையெனில் 1 அடியே போதுமானது. எட்டயபுரம் பகுதியில் வைகாசி முதல் ஆவணி வரை வலுத்த மேல்காற்று வீசும். அருகிலுள்ள கயத்தாறு காற்றாலைகள் நம்பியிருப்பது இக்காற்றையே. கைப்பிடிச் சுவரின் மறைவில் குட்டையாக நிற்கும் குழாயில் இக்காற்று சுழன்று இறங்கிப் புகையைக் கீழே தள்ளும். ஆகவே இங்கு உயரத்தில் சிக்கனம் கூடாது.

தொப்பி: மழையும் எதிர்க்காற்றும் இறங்காதவாறு உச்சியில் தொப்பி வேண்டும். அதன் பக்கங்களில் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை பறவைகளைத் தடுக்கும். கொசுவலை போன்ற நெருங்கிய வலை தூசியால் விரைவில் அடைத்துக்கொள்ளும். தூத்துக்குடி, வேம்பார் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று துத்தநாகப் பூச்சை விரைந்து அரிப்பதால், அங்கு துருப்பிடிக்காத எஃகே ஏற்றது.

பட்டறைகள்: 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு வெல்லப்பாகு காய்ச்சப்படுகிறது. இத்தகைய பெரிய அடுப்புகளுக்கு மேலே அடுப்பைவிட அகன்ற தகரக் கூண்டு அமைத்து அதைக் கூரைக் குழாயோடு இணைக்க வேண்டும். தாழ்வான சுவர்த் திறப்புகள் வழியே காற்று உள்ளே வரவும் வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிட எடை மிகுந்தது. கசிந்தால் தரையோடு தேங்கும். எனவே கீழ்த்திறப்பு கசிவையும் வெளியேற்றும்.

பராமரிப்பு

ஆண்டுக்கு இருமுறை சோதிப்பது இப்பகுதிக்குப் பொருந்தும். ஆடிக் காற்றுக்கு முன் தொப்பியும் இழுப்புக் கம்பிகளும் உறுதியாக உள்ளனவா என்றும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியில் தகரச் சட்டையும் பசையும் விரிசலின்றி உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும்.

விறகடுப்புக் குழாயில் கரி விரைவில் படியும். அன்றாடம் எரியும் அடுப்பாயின் மாதம் ஒருமுறை, தேங்காய் நார்க்கட்டையோ சாக்குப்பந்தையோ கயிற்றில் கட்டி, கீழே கல் தொங்கவிட்டு, மேலிருந்து இறக்கி ஏற்றினால் கரி உதிரும். அடியிலுள்ள துப்புரவு வாய் வழியே அதை அள்ளிவிடலாம். தடித்துப் படிந்த கரி தானே தீப்பற்றக்கூடியது.

எரிவாயுக் குழாயில் கரி படிவதில்லை. அங்கு அடைப்பவை குருவிக்கூடு, அணில் சேர்த்த நார், குளவிக்கூடு, சிலந்திவலை. சிலந்தி எரிவாயுத் துளையிலேயே வலைகட்டினால் சுடர் மஞ்சளாகும். மாதக்கணக்கில் பயன்படுத்தாத கருவியை மீண்டும் பற்றவைக்கும் முன் குழாயின் இரு முனைகளையும் பார்க்க வேண்டும்.

இயல்பிழுப்புக் குழாய்க்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கதவு, சாளரங்களை மூடி, வீட்டிலுள்ள வெளியேற்றும் விசிறிகளை ஓடவிட்டு, கருவியை 5 நிமிடம் எரிய விட வேண்டும். பின்னர் குழாய் தொடங்கும் கூம்பின் ஓரத்தில் புகையும் ஊதுபத்தியைப் பிடிக்க வேண்டும். புகை உள்ளே இழுக்கப்பட்டால் குழாய் சரியாக இயங்குகிறது. புகை அறைப்பக்கம் தள்ளப்பட்டால் உடனே கருவியை அணைத்துச் சாளரங்களைத் திறந்து, காரணம் நீங்கும்வரை பயன்படுத்தாமல் இருக்க வேண்டும். எரிவாயுக் கசிவு வாடை இருக்கும்போது இச்சோதனையைச் செய்யக் கூடாது.

நீலச் சுடர் மஞ்சளாக மாறுதல், பாத்திர அடியில் கரி பிடித்தல், கருவிக்கு மேலே சுவர் கறுத்தல், அறைக் கண்ணாடியில் வழக்கத்துக்கு மாறாக நீர் பூத்தல் ஆகியவை கழிவு வளி தேங்குவதைக் காட்டும் அடையாளங்கள்.

கார்பன் மோனாக்சைடு ஒலிப்பானை மூச்சு விடும் உயரத்தில், படுக்கையறைக்கு அருகே பொருத்தலாம். அவ்வளி காற்றோடு கலந்தே நிற்கும். சமையல் எரிவாயுக் கசிவு ஒலிப்பானைத் தரையை ஒட்டிப் பொருத்த வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

நச்சு அறிகுறிகளும் முதலுதவியும்

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், மந்தம் ஆகியவை முதல் அறிகுறிகள். வீட்டிலுள்ள பலருக்கு ஒரே நேரத்தில் இவை தோன்றி, வெளியே சென்றதும் குறைந்தால் கார்பன் மோனாக்சைடை ஐயுற வேண்டும். கதவு, சாளரங்களைத் திறந்து, கருவியை அணைத்து, அனைவரையும் வெளியே கொண்டுவந்து 108க்கு அழைக்க வேண்டும். மயங்கியவரை மீட்கச் செல்பவர் மூடிய அறைக்குள் நெடுநேரம் நிற்கக் கூடாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்நஞ்சில் இயல்பான அளவையே காட்டக்கூடும்; அந்த எண்ணை நம்பி மருத்துவமனைக்குச் செல்லாமல் இருந்துவிடக் கூடாது. எரிவாயுக் கருவி எரிந்த அறையில் மயங்கினார் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே கூறினால், குருதியை அதற்கெனச் சோதித்து உடனே உயர் அளவு ஆக்சிசன் கொடுக்க முடியும்.

நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் குளிருக்காகக் கரியடுப்பை மூடிய அறைக்குள் வைத்து உறங்கியவர்கள் இறந்த நிகழ்வுகள் உண்டு. அம்மலைகளின் பழைய பங்களாக்களில் உள்ள கணப்புகளை மீண்டும் பயன்படுத்துவோர், நெடுநாள் மூடிக்கிடந்த புகைக்கூண்டை உச்சி முதல் அடிவரை துப்புரவு செய்து, புகை இழுபடுவதைச் சோதித்த பின்னரே தீ மூட்ட வேண்டும். எட்டயபுரத்தில் அடைத்துவைத்த பழைய அடுக்களைக் கூண்டைத் திறந்து எரிவாயு அடுப்புக்குக் காற்றுவழியாகப் பயன்படுத்துவோரும் அதே சோதனையைச் செய்வது நன்று. உச்சியில் மழைத்தொப்பியும் வலையும் இட்டுவிட்டால் அந்தக் கூண்டை மீண்டும் அடைக்கத் தேவை இருக்காது.